பவளத் தொட்டிக்கு எந்த மணல், எவ்வளவு வெளிச்சம்?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கடல்நீர்த் தொட்டி கேட்டு வருகிறவரின் கண் முதலில் கோமாளி மீனில்தான் நிற்கும். பிறகு விளக்கின் விலையைக் கேட்டு மலைப்பார். மணல் விஷயம் "வெள்ளையா ஒரு பை போடுங்க" என்பதோடு முடிந்துவிடும். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு இந்த வரிசையால் பெரிய கேடில்லை. பவளம் வளர்க்க நினைப்பவர் இதைத் தலைகீழாகப் போட வேண்டும். எந்தப் பவளம் என்பதை அவர் முதலில் முடிவு செய்யட்டும். அது தெரிந்தால் எவ்வளவு வெளிச்சம் என்பது தெரிந்துவிடும். வெளிச்சமும் நீரோட்டமும் தெரிந்தபின், மணல் எந்தப் பருமனில் எத்தனை செ.மீ. என்பதைக் கணக்கிட அதிக நேரம் பிடிக்காது.

கல்பவளத்தின் உடற்கூறே இதற்குக் காரணம். அதன் எலும்புக்கூடு அரகோனைட்டால் ஆனது. அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம், அதாவது ஒருவகைச் சுண்ணாம்பு. அந்தக் கூட்டின் மேல் போர்த்திய மெல்லிய சதைக்குள் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் பத்து லட்சம் அளவில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, விளைந்த உணவின் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. ஜமைக்காவில் கோரோ தம்பதியர் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு செய்த சோதனைகள் 1959-இல் வெளிவந்தன. வெளிச்சத்தில் இருக்கும் பவளம் இருட்டில் இருப்பதைவிட வேகமாகச் சுண்ணாம்பு கட்டுகிறது என்று அவை காட்டின. பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்த வேகத்தைச் சுமார் மூன்று மடங்கு என்கிறார்கள். ஆக, வெளிச்சம் பவளத்துக்குச் சோறு. அந்தச் சோற்றின் அளவு பவளத்துக்குப் பவளம் மாறும்.

பேச வசதியாக ஒரு சிறு தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 36. கணக்குப்படி ஏறத்தாழ 65 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 50 லிட்டர் இருக்கும். முதன்முறை வைப்பவருக்கு என் பரிந்துரை காளான் பவளம், சோவாந்திட், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள். கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா இத்தனை சிறிய தொட்டியில் அனுபவசாலிகளையே திணறடிக்கும்.

இனி மணல். பவளப்பாறைக் கடலின் வெண்மணல் ஆறு கொண்டுவந்து சேர்த்ததன்று. அங்கேயே வாழ்ந்து மடிந்த உயிர்களின் மிச்சம். சிப்பி ஓடு, கடல்முள்ளெலியின் முட்கள், ஹாலிமேடா என்ற சுண்ணாம்புப் பாசியின் தகடுகள், ஒருசெல் உயிரியான ஃபொராமினிஃபெராவின் கூடுகள், பவளத்தூள் எல்லாம் அதில் கலந்திருக்கும். இவற்றோடு கிளிமீனின் எச்சமும் சேரும். பாறையைக் கொறித்து, அதில் ஒட்டிய உயிர்ச்சத்தைச் செரித்தபின் சுண்ணாம்பைப் பொடியாக வெளியேற்றும் மீன் அது. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றிய பாறைத்திட்டில் உருவாகும் மணல் பருமனுள்ள வண்டலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்கள் தந்தது என்று 2015-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. லட்சத்தீவின் வெள்ளைக் கரைகளும் பவளச் சுண்ணாம்பு மணல்தான்.

மெரினாவின் மணல் வேறு சாதி. பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. நிலத்துப் பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்தது. இன்னும் தெற்கே மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் கருமணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட், தோரியம் கலந்த மோனசைட் எல்லாம் இருக்கும். கடற்கரை மணல் இலவசம்தானே என்று சாக்கில் அள்ளி வந்து தொட்டியில் கொட்டக் கூடாது. கழிவுநீர், எண்ணெய், உலோகம் என்று அதில் எது ஒட்டியிருக்கிறது என்பதை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

பையில் விற்கும் மணல் சுண்ணாம்பு மணல்தானா என்று பார்க்க மட்டும் எளிய வழி இருக்கிறது. ஒரு தேக்கரண்டி மணலை வெள்ளைத் தட்டில் பரப்பி மேலே நாலு சொட்டு வினிகர் விடுங்கள். சுண்ணாம்பு மணலானால் சில நொடிகளில் மணிகளைச் சுற்றிப் பொடிக்குமிழிகள் எழும். அது கார்பன் டை ஆக்சைடு. காதருகே கொண்டுபோனால் மெல்லிய சரசரப்புக்கூடக் கேட்கும். குவார்ட்ஸ் மணலில் ஒன்றும் நடக்காது. அப்படியே ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் மணி கண்ணாடிச் சில்லு மாதிரி ஒளிஊடுருவி நிற்கும். சுண்ணாம்பு மணி பால்வெள்ளையாக இருக்கும். அதில் துளைகளும் வரிகளும், சில மணிகளில் சுருள்சுருளான சிறு கூடுகளும் தென்படும். பஹாமாஸ் பக்கத்திலிருந்து வரும் ஊலைட் மணலானால் ஒவ்வொரு மணியும் மெருகேற்றிய நுண்முத்தாக உருண்டிருக்கும். கடல்நீரில் புரண்டு புரண்டு, அரகோனைட் அடுக்கடுக்காகப் படிந்து உருவான மணிகள் அவை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "அரகோனைட் மணல் போட்டால் பி.எச். தானாக 8.2-இல் நிற்கும், கால்சியமும் தானாகக் கிடைக்கும்" என்று பைகளிலேயே அச்சிடுகிறார்கள். இயல்பான கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம், பி.எச். 8.1-ஐ ஒட்டி இருக்கும். அந்த நீர் ஏற்கெனவே அரகோனைட்டைக் கொள்ளும் அளவைத் தாண்டி நிறைந்தது. அடியில் சர்க்கரை தங்கிவிட்ட பாகில் இன்னும் ஒரு பிடி சர்க்கரை போட்டால் கரையுமா? மணலும் அப்படித்தான் கிடக்கும். பி.எச். சுமார் 7.7-க்குக் கீழே இறங்கினால்தான் அரகோனைட் கரையத் தொடங்கும். தொட்டியில் அந்த நிலை வருவது மணலின் அடியாழத்தில், பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் இடத்தில் மட்டும். அங்கே கரைவது கொஞ்சம்தான். வளரும் பவளத்துக்கு அது போதாது. நீரின் கால்சியத்தையும் காரத்தன்மையையும் சோதித்து, குறையும்போது தண்ணீர் மாற்றியோ மருந்தளவில் சேர்த்தோ ஈடுகட்ட வேண்டியது நம் வேலை. எங்கிருந்து வந்தது, எப்படிப் பொறுக்கப்பட்டது என்று தெரிகிற அரகோனைட் மணலை வாங்குங்கள் என்றே நானும் சொல்வேன். மணிகள் உருண்டையானவை, அங்கே வாழ வேண்டிய உயிர்களுக்குப் பழக்கமானவை என்பவைதான் அதற்குக் காரணங்கள்.

சிலிக்கா மணல் மீது இதற்கு நேரெதிரான பழி ஒன்று உண்டு. புதுத் தொட்டியில் சில வாரங்களில் மணலெல்லாம் பழுப்பாகத் தூசு படியும். டயட்டம் என்ற நுண்பாசி அது. தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்வது. உடனே மணல்மேல் குற்றம் சாட்டுவார்கள். குவார்ட்ஸ் கடல்நீரில் மிக மிக மெதுவாகக் கரையும் பொருள். அந்தப் பழுப்பு அரகோனைட் தொட்டிகளிலும் தவறாமல் வருகிறது. சிலிக்கேட் பெரும்பாலும் நாம் ஊற்றும் குழாய்நீர் அல்லது போர்வெல் நீர் வழியாக வந்தது. ஆர்.ஓ. நீரில் உப்பு கலந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதி தானே அடங்கும். பயந்துபோய் மணலைக் கிளறிக்கொண்டிருந்தால்தான் நாளாகும்.

பருமனுக்கு வருவோம். அரை மி.மீ.க்குக் குறைவான பொடிமணல் அழகாக இருக்கும். ஆனால் பவளத்துக்குத் தேவையான நீரோட்டத்தை வேவ் மேக்கர் உண்டாக்கும்போது அது புழுதியாகக் கிளம்பி எல்லாவற்றின் மேலும் உட்காரும். மணல் மூடிய பவளச்சதை சளியைச் சுரந்து சுரந்து களைத்து அழுகும். மூன்று, நான்கு மி.மீ. பருமனுள்ள பவளச்சல்லி பறக்காது. அதன் இடுக்குகளில் தீனித் துணுக்கும் மீனெச்சமும் சிக்கி மக்கி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் கலக்கும். சிறு தொட்டிக்கு ஒன்று முதல் இரண்டு மி.மீ. பருமன் நடுவாந்தரமாகப் பொருந்தும்.

ஆழத்தைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. மணலின் மேற்பரப்பில் ஆக்சிஜன் உண்டு. கீழே இறங்க இறங்க அது தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடும். இந்த நன்மைக்காக 10 செ.மீ.க்கு மேல் மணல் போடும் முறையைப் பலர் கையாண்டார்கள். மொனாக்கோவில் ழான் ஜோபேர் மணலுக்கு அடியில் வெற்றுநீர் அறை ஒன்றை விட்டுத் தனி அமைப்பே உருவாக்கினார். பெரிய தொட்டிகளில் இவை பயன்பட்டன. நம் 36 செ.மீ. உயரத் தொட்டியில் 10 செ.மீ. மணல் என்றால் உயரத்தில் கால்பங்குக்கு மேல் போய்விடும். அதோடு, ஆழ்மணல் ஆரோக்கியமாக இருக்க அதைத் துளைத்துக் கிளறும் புழு, நத்தைக் கூட்டம் வேண்டும். சிறு பரப்பில் அந்தக் கூட்டம் நிலைக்காது. பிறகு அடியில் ஹைட்ரஜன் சல்பைடு கட்டும். கறுத்த மணலும் அழுகிய முட்டை நாற்றமும் அதன் அடையாளம். தெரியாமல் ஒருநாள் கிளறிவிட்டால் மீன்களின் உயிருக்கே ஆபத்து.

ஆகவே இரண்டரை முதல் மூன்று செ.மீ. மணல் போதும். கணக்கு எளிது. 60 × 30 × 3 என்றால் 5,400 கன செ.மீ., அதாவது ஏறத்தாழ ஐந்தரை லிட்டர். காய்ந்த அரகோனைட் மணல் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டி நிறுக்கும்; ஏழெட்டுக் கிலோ வாங்கினால் சரி. நைட்ரேட்டை உடைக்கும் வேலையைத் துளைகள் நிறைந்த பாறை பார்த்துக்கொள்ளும். பாறையை முதலில் கண்ணாடித் தரையில் அசையாமல் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணல்மேல் பாறையை வைத்தால் வளை தோண்டும் உயிர்கள் ஒருநாள் அதைச் சாய்த்துவிடும். யாரோ தொட்டியைக் கலைக்கும்போது கொடுக்கும் பழைய மணலும் வேண்டாம். அரகோனைட்டின் பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது புதுத்தொட்டியில் மெல்லக் கசியும்.

மூன்று செ.மீ. விதிக்கு ஒரு விலக்கு உண்டு: கோபி மீனும் பிஸ்டல் இறாலும் ஜோடியாக வளர்க்க விரும்பினால். இறாலுக்குப் பார்வை மங்கல். அது நாளெல்லாம் புல்டோசர்போல் மணலைத் தள்ளி வளையைச் செப்பனிடும். அப்போது ஒரு மீசையை எப்போதும் கோபியின் உடம்பில் தொட்டபடி வைத்திருக்கும். ஆபத்து தெரிந்தால் கோபி வாலை ஒரு உதறு உதறும். மறுகணம் இரண்டும் வளைக்குள். அந்த வளை இடியாமல் நிற்கப் பொடியும் சல்லியும் சிப்பித்துண்டும் கலந்த மணல் ஐந்து செ.மீ. வரை வேண்டும். அழகுக்காக மணல் சலிக்கும் நட்சத்திரமீனை மட்டும் வாங்காதீர்கள். இந்தப் பரப்பில் இருக்கும் நுண்ணுயிர்களைச் சில மாதங்களில் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியில் சாகும்.

வெளிச்சம் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி, சூரிய வெளிச்சம் இவற்றை மட்டும் வைத்துத் தொட்டியில் பவளம் வளர்த்த முறையை எழுதினார். குளிர்நாட்டவர்கள் அந்தச் சூரியனுக்கு ஈடாக மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். 150, 250 வாட் விளக்குகள் அவை. நீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும். சென்னையின் மே மாதத்தில் அப்படியொரு விளக்கைச் சிறு தொட்டிமேல் எரிப்பது சில்லர் இல்லாமல் முடியாத காரியம். ஜன்னலோர நேர்வெயிலும் இங்கே வேண்டாம். ஐம்பது லிட்டர் நீர் சீக்கிரமே சூடேறிவிடும்.

நிலைமையை மாற்றியது நீல எல்.இ.டி. ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில் ஒளிமிகுந்த நீல எல்.இ.டி.யைச் சாதித்தார்கள், 2014-இன் இயற்பியல் நோபல் பரிசு அதற்குத்தான். அந்த எல்.இ.டி. 450 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் ஒளிர்வது. பவளப்பாசியின் பச்சையம் நன்றாக உறிஞ்சும் ஒளியும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும்; நீலம் மட்டுமே ஆழத்துக்கு இறங்கும். பவளமும் அதன் பாசியும் அந்த நீல உலகத்துக்கேற்பப் பழகியவை. ஆகவே நீலம் மேலோங்கி, கொஞ்சம் வெள்ளையும் கலந்த விளக்கு ஏற்றது. இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு என்பதை வாட் கணக்கில் சொல்வது இப்போது செல்லாது. லக்ஸ் கணக்கும் உதவாது. லக்ஸ் நம் கண்ணை ஒட்டி வகுத்த அளவு. கண் பச்சையில்தான் கூர்மை. 450 நானோமீட்டர் நீலத்தில் அதன் உணர்திறன் உச்சத்தில் 4 சதவீதத்தைக்கூட எட்டாது. நீல விளக்கின்கீழ் தொட்டி மங்கலாகத் தெரியும். பவளம் அங்கே வெந்துகொண்டிருக்கலாம். செல்போன் செயலியை நம்பி விளக்கைக் கூட்டுகிறவர்கள் இந்த வலையில்தான் விழுகிறார்கள். சரியான அளவீட்டை "பார்" (PAR) என்பார்கள்: 400 முதல் 700 நானோமீட்டருக்குள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோலில் எண்ணுவது. வெப்பமண்டல உச்சிவெயில் கடற்பரப்பில் ஏறத்தாழ 2,000. காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும். சோவாந்திட்டுக்கும் தோல் பவளத்துக்கும் 80 முதல் 150. அக்ரோபோரா 250-க்கு மேல் கேட்கும். பார் மீட்டர் விலை அதிகம். பழகிய தொட்டிக்காரர் ஒருவரிடம் ஒருநாள் இரவல் வாங்கி நடு, ஓரம், மணல்மட்டம் என்று அளந்து குறித்துக்கொண்டால் போதும். ஒற்றை விளக்குத் தொட்டிகளில் ஓரங்களுக்கு நடுவில் விழுவதில் பாதிகூடப் பெரும்பாலும் கிடைக்காது. காளானை அங்கே, மணலில் வையுங்கள்.

நேரமும் கணக்கில் சேரும். 150 மைக்ரோமோலில் எட்டு மணிநேரம், 100 மைக்ரோமோலில் பன்னிரண்டு மணிநேரம் இரண்டிலும் பவளத்துக்குக் கிடைக்கும் மொத்த ஒளி ஒன்றுதான், சுமார் 4.3 மோல். ஆனால் நேரத்தைச் சுருக்கி ஒளியை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று நினைக்கக் கூடாது. ஓர் அளவுக்குமேல் பாசியால் ஒளியைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சிய ஆற்றல் செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். நீர்ச்சூடும் சேர்ந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததற்குச் சூடான கடல்நீரே காரணம். தொட்டிநீர் 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்கட்டும்.

பவளமே நமக்குச் சொல்லிவிடும், பார்க்கத் தெரிந்தால். வெளிச்சம் போதாத காளான் பவளம் தட்டாக விரியாமல் விளக்கை நோக்கிப் புனல்போல் நிமிரும். சோவாந்திட்டின் தண்டு நீண்டு மெலியும். சில பவளங்கள் பாசியைப் பெருக்கிக்கொண்டு பழுப்பேறும். வெளிச்சம் மிஞ்சினால் காளான் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு ஒடுங்கும். விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் வெளிறும்; நிழல் பக்கம் நிறத்தோடு இருக்கும். இந்த வேறுபாடு கண்ணில் பட்ட அன்றே விளக்கைக் குறையுங்கள். வெளிச்சம் குறைந்து இளைத்த பவளத்தைத் தேற்றிவிடலாம். வெளுத்ததைத் தேற்றுவது கடினம். புதிதாக வந்த பவளத்துக்கு இலக்கில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். பவளம் வருவதற்கு முன், தொட்டியில் பாக்டீரியா பெருகும் முதல் வாரங்களில், விளக்கே தேவையில்லை. அப்போது எரித்தால் வளர்வது வேண்டாத பாசிதான்.

கடையில் நீல விளக்கின்கீழ் பச்சையும் ஆரஞ்சும் தகதகக்கும் பவளத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது ஒளிர்புரதங்களின் வேலை. நீலத்தை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தரும். இன்று உயிரியல் ஆய்வகங்களில் செல்களுக்கு வண்ணமிடப் பயன்படும் சிவப்பு ஒளிர்புரதம் ஒன்று டிஸ்கோசோமா என்ற காளான் பவள இனத்திலிருந்து கிடைத்தது. மாஸ்கோவில் தொட்டியில் வளர்த்த பவளத்திலிருந்து ரஷ்ய ஆய்வாளர்கள் அதைப் பிரித்து 1999-இல் வெளியிட்டார்கள். மினுக்கம் அழகுதான், அது உடல்நலத்துக்கு அத்தாட்சியாகாது. வாங்குமுன் கடைக்காரரிடம் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். சதை உப்பி, ஓரம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சோவாந்திட்டைக் கையாளும்போது கையுறை போடுங்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கும். அது ஒட்டிய பாறையை ஒருபோதும் வெந்நீரில் கொதிக்கவைக்காதீர்கள்.

மணலும் ஒளியும் சந்திக்கும் இடம் ஒன்று மிச்சம். வெண்மணல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும். பவளத்தின் கீழ்ப்பகுதிக்கு அது நல்லது. கண்ணாடியை ஒட்டிய மணலின் விளிம்பில் பக்கவெளிச்சம் புகுந்து பச்சைக்கோடு கட்டும். வெளியே மணல் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினால் தீர்ந்தது. மணல்மேல் சிவப்பு வெல்வெட் போர்வையாகப் படர்வது சயனோபாக்டீரியா. நீரோட்டம் மந்தமான, கழிவு தங்கும் மூலையில்தான் அது தொடங்கும். குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு வேவ் மேக்கரின் முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள், தீனியைக் குறையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று நீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். 2001 முதல் எல்லாக் கல்பவளங்களும், கரும்பவளம், தீப்பவளம், கடல்விசிறி, குழல்பவளம் ஆகியவையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலில் இவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். உயிரற்ற துண்டுக்கும் இது பொருந்தும். யாராவது "மண்டபத்துப் பாறை, ஃபிரெஷ்ஷா இருக்கு" என்று நீட்டினால் வாங்காதீர்கள். செயற்கைப் பாறையும் பையிலிட்ட மணலும் தொட்டியிலேயே வெட்டிப் பெருக்கிய மென்பவளமும் ஒரு நல்ல தொட்டிக்குப் போதும். வாங்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லாத கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.